பதிமூன்றாவது பொட்டலம்

நம்பினால் நம்புங்கள். என் மனைவியே இன்றுவரை நம்பவில்லை. ஆனால் அந்த மாவுத் தரையை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

என் மகள் போகும் குழந்தைகள் காப்பகத்தில் எலித் தொல்லை. பிள்ளைகள் படுக்கிற பாயிலேயே புழுக்கை. பெற்றோர் சிலர் சேர்ந்து நாங்களே மருந்து வைக்க இறங்கினோம். எங்களுக்குத் தலைவி, ஓய்வுபெற்ற ஒரு நர்ஸக்கா. கையுறையைக் கழற்றாதே, வைக்கும்போதே எழுது, காலையில் எண்ணி எடு என்று சொல்லிச் சொல்லி எங்கள் காதே புளித்துவிட்டது. எலி வரும் தடம் தெரிய, மருந்துப் பொட்டலங்களைச் சுற்றித் தரையெல்லாம் மாவு தூவச் சொன்னதும் அவர்தான்.

எனக்கு எதிலும் அவசரம். அன்று மாலை மருந்து வைக்கும்போது, பேனா வழுக்குகிறதென்று வலது கையுறையைக் கழற்றிவிட்டேன். நடுவில் மனைவியின் போன்.

"வர்றப்ப பால் வாங்கிட்டு வாங்க. மறந்துராதீங்க!"

பாலை மறக்கவில்லை.

மறுநாள் விடிகாலை 5.40. பூட்டைத் திறந்து உள்ளே போனது நான் ஒருவன்தான். எல்லா அறையும் சுற்றி எடுத்தேன். தாளில் பன்னிரண்டு, வாளியில் பன்னிரண்டு. அப்பாடா என்று துடைப்பத்தைத் தேடினேன்.

5.52. விளையாட்டு அறையில் சத்தம்.

சர்ர்... சர்ர்...

"யாருங்க?"

எலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்தான் சொன்னது. கால் நகரவில்லை.

சர்ர்... நின்றது.

எட்டிப் பார்த்தேன். சற்று முன் அந்த மாவில் எலித் தடமும் என் செருப்புத் தடமும்தான் இருந்தன. இப்போது முழங்கால் தடம். உள்ளங்கைத் தடம். பெரிய ஆள் ஒருவர் தவழ்ந்த மாதிரி.

இடது கை, கையுறையின் சொரசொரப்போடு.

வலது கை... வெறும் ஐந்து விரல்.

தடம் பொம்மை அலமாரி வரை போயிருந்தது. திரும்பவில்லை.

குனிந்தேன். அலமாரிக்கு அடியில், விளையாட்டுச் சட்டியை ஒட்டி, கிழிந்த பொட்டலம். நீல உருண்டைகள். மிட்டாய் மாதிரி.

பதிமூன்று!

போன் வந்தபோது வைத்தது. எழுதவே இல்லை.

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று தடவை துடைத்தேன்.

8.05. என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். நேராக அந்தச் சட்டிக்கு.

பின்னாலேயே ஓடி, அந்தச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

மதியம் நர்ஸக்காவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்தத் தடத்துல வலது கை வெறுங்கையா தம்பி?"

"ஆமாக்கா."

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம் முன்னாடி இங்க மருந்து வச்ச பொண்ணு ஒருத்தி. உன்ன மாதிரியே எழுதறதுக்காக வலது உறையக் கழட்டுவா. பன்னெண்டுன்னு எழுதினா. வச்சது பதிமூணு. அந்த ஒண்ணு... அவ மக கையில கெடச்சுது."

"அவங்க இப்ப எங்கக்கா?"

"மக போன பதினஞ்சாம் நாள் அவளும் போயிட்டா. அதுவரைக்கும் வீட்டுத் தரையெல்லாம் தவழ்ந்து தவழ்ந்து தேடிக்கிட்டே இருந்தா தம்பி."