பயங்கர மோதல் சத்தார்

ஆம்பூர் பஜாரில் செருப்புக்கு ரப்பர் சோல் விற்கும் சத்தார் பாய், ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபரும்கூட. என் கடைக்குப் பக்கத்துக் கடை. நல்ல மனுஷர்தான். ஆனால் செய்தி என்று ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. குழாயடியில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலே அது 'பயங்கர மோதல்'. கல்லாவை விட்டு எழுந்திருக்காமல் போனிலேயே விசாரித்துப் போனிலேயே அனுப்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம், அமிர்தி காட்டுப் பக்கம் மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்டுக்காரர் ராமமூர்த்தியின் ஆடுகள் வழியில் கண்ணம்மாளின் வேர்க்கடலைக் கொல்லையில் புகுந்துவிட்டன. ஊர்க்காரர்கள் கல்லை எடுக்க, ராமமூர்த்தியும் அவர் தம்பியும் கம்பை ஓங்க, ஆளுக்கொரு வீக்கம். சாயங்காலத்துக்குள் எல்லோரும் டீ குடித்து சமாதானமாகிவிட்டார்கள். மேய்ந்த பயிருக்கு ஈடாக, கண்ணம்மாளின் நெல் அறுத்த நிலத்தில் ஆடுகளை ராத்திரியில் அடைத்துக் கிடை போடுவது என்று பேச்சு. இந்தப் பக்கம் அதுதான் வழக்கம். புழுக்கை விழுந்த நிலத்துக்கு வேறு உரம் வேண்டாம்.

அதற்குள் சத்தார் பாய் செய்தியை அனுப்பிவிட்டார். 'ஆடு மேய்ப்போர் - கிராமத்தினர் பயங்கர மோதல். ஆயுதங்களுடன் திரண்டதால் பதற்றம்.' ஆயுதம் என்பது தழை பறிக்கும் துறட்டி.

காலையில் டீக்கடையில் ராமமூர்த்தி அதைப் படித்தார். முந்தின நாள் அடிபட்டவரே அவர்தான். ஆனாலும் பேப்பரில் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயமே வந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை.

கண்ணம்மாள் நேராக பஜாருக்கு வந்துவிட்டார். மழைக்கு முன்னால் கிடை போடாவிட்டால் அந்த வருஷ விளைச்சல் அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது பாவம், அழுகையே வந்துவிட்டது.

"நீங்க எழுதித்தான் ஓடிட்டாரு பாய். நீங்களே எழுதி வரவைங்க," என்றார்.

சத்தார் பாய் உண்மையிலேயே வருத்தப்பட்டார். 'கிராமத்தில் அமைதி நிலவுகிறது' என்று எழுதி அனுப்பினார். வேலூர் ஆபீசில் சிரித்தார்களாம். அமைதியெல்லாம் ஒரு செய்தியா, யாருக்காவது அடிபட்டிருந்தால் சொல்லுங்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். பாய் அதை அப்படியே கண்ணம்மாளிடம் ஒப்பித்தார்.

கண்ணம்மாள் கடைக்குள் ஏறினார். அடுக்கிலிருந்து ஒரு ரப்பர் சோலை உருவி, பாயின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது.

"இப்ப எழுதுங்க," என்றார்.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது: 'நிருபர் மீது கொலைவெறித் தாக்குதல்!' எழுதியவர் சத்தார் பாயே. கடைசி வரியில், தாக்கிய பெண் தனக்கு ஆடு மேய்ப்போருடன் எந்தப் பகையும் இல்லை என்று கூறியதாகவும் இருந்தது.

மதியத்துக்குள் கண்ணம்மாளுக்கு ராமமூர்த்தியிடமிருந்து போன்.

"அந்த நிருபரையா அடிச்சீங்க? அப்ப ஆட்டை ஓட்டினு வர்றேம்மா."