ஒன்பது நோட்டீஸ்களும் சோற்றுப் பசையும்

யுத்தக் கைதிகளுக்கென்றே அச்சிட்ட பிரசார நோட்டீஸ்கள் எட்டு என்னிடம் இருக்கின்றன. இந்த வகைக் காகிதங்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார்கள். முன்பக்கத்தைக் கண்டதும் முகம் மலரும். திருப்பிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார்கள். எட்டின் பின்பக்கமும் பசைக்கறை, ஊதாத் திட்டு. அந்தக் கறைக்குக் காரணம் வேறு யாருமல்ல, பத்து வயதில் இருந்த நான்தான்.

1946, சித்திரை மாதம். தேதியைக் குறித்து வைக்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் மாதத்தில் சந்தேகமில்லை. நாங்கள் திருக்கோகர்ணத்தில் குடியிருந்தோம். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு சினிமா நோட்டீஸ் வீசிப் போவார்கள். வண்டிக்குப் பின்னால் ஓடிப் பொறுக்குவதில் எங்கள் தெருப் பையன்கள் யாரும் என்னை முந்தியதில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். பொறுக்கியதைத் தடித்த நோட்டில் ஒட்டி, கிடைத்த நாளைக் கீழே எழுதுவேன். அச்சடித்த பக்கம் மேலே, மற்றப் பக்கம் பசைக்கு. இது நான் போட்ட சட்டம். அம்மா எனக்கு வைத்திருந்த பெயர் பேப்பர் பொறுக்கி.

அந்த மாதத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மலேயாவில் சிப்பாயாக இருந்து ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, மூன்றரை வருஷம் முகாம் முகாமாகக் கிடந்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போய்த் திரும்பியிருந்தார். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, ஒன்பது நோட்டீஸ்கள். சில, எங்கள் பக்கம் வந்து சேர், வயிறாரச் சாப்பிடலாம் என்று கைதியை அழைப்பவை. சில, சண்டை முடிந்துவிட்டது, முகாமைவிட்டு வெளியே போகாதே என்று கடைசியில் விமானத்திலிருந்து போட்டவை.

“இதுல போட்டிருக்க சோத்தையும் கறியையும் படிச்சுப் படிச்சே பாதி நாளு பசியாத்திக்கிட்டோம் பாப்பா” என்று சிரித்தார். “பாத்துட்டுப் பத்திரமாக் குடுத்துரணும்.”

பத்திரம் என்றால் ஒட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும். மறுநாள் காலை மாமா குளத்துக்குக் குளிக்கப் போனதும், சோற்றைப் பிசைந்து பசையாக்கி உட்கார்ந்தேன். பின்பக்கங்களில் பென்சிலால் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. நல்ல காகிதத்தை இப்படிக் கிறுக்கிக் கெடுத்திருக்கிறாரே என்று மாமாமேல் வருத்தப்பட்டுக்கொண்டே, கிறுக்கல் தெரியாதபடி ஒன்பதையும் ஒட்டி முடித்தேன்.

அன்று மத்தியானம் திருவரங்குளத்திலிருந்து ஒரு பெண் நடந்தே வந்தாள். அவள் புருஷன் மாமாவோடு முகாமில் இருந்து, அங்கேயே இறந்துபோனவர். சர்க்கார் கடிதத்தில் இறந்த செய்தி மட்டும் இருந்தது, நாள் இல்லை. மாமா திரும்பிய தகவல் கேட்டு வந்திருந்தாள். அம்மா கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

“தெவசம் குடுக்கணும்ண்ணே. நாளு தெரியலை. ஆடி அமாவாசையில பொதுவாக் குடுத்துருவோம்னு எங்க கொழுந்தனாரு சொல்றாரு. ஊருச்சனம் பூராவுக்கும் உள்ள நாளுல போயி… அவரு என்ன, கேக்க ஆளில்லாதவரா? அவருக்குன்னு ஒரு நாளு வேணும்ல?”

“இருக்கு தங்கச்சி. எழுதி வச்சிருக்கேன்” என்றார் மாமா. “அங்கிட்டு காலண்டர் ஏது? அமாவாசையிலேருந்து எண்ணித்தான் நாளு வைப்போம். காயிதமும் கெடையாது. நோட்டீஸுக்குப் பின்னாலதான் ஒவ்வொருத்தரு நாளையும் குறிச்சேன். பாப்பா, அத எடுத்துட்டு வா.”

நான் பெருமையோடு நோட்டைக் கொண்டுபோய் விரித்தேன். மாமா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பேசியது அம்மாதான்.

“அடிப்பாவி! ரேஷன் அரிசிச் சோத்த எடுத்து இதையா ஒட்டுன?”

முள்வேலிக்குப் பின்னால் ஒரு சிப்பாய் நிற்கும் படம் போட்ட நோட்டீஸில் மாமா விரலை வைத்தார். ஈரத்துணியை அதன்மேல் போட்டு, ஊறவிட்டு, நகத்தால் மெல்ல உரித்தார். அது காப்பிங் பென்சில் எழுத்து. காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் போலத்தான் தெரியும். ஈரம் பட்டால் ஊதா மையாகிப் பரவிவிடும். எழுத்து இருந்த இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குளம்தான் இருந்தது.

அந்தப் பெண் காகிதத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார். எனக்கு ஊதாவைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் என் கிறுக்கலை எங்கள் டீச்சரால் படிக்க முடியாது, என்னால் முடியும். அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவர் நிதானமாகச் சொன்னார்.

“போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசி. அமாவாசை கழிச்சு மூணாம் நாளு.”

“ஐப்பசியா?” அவள் விரல்விட்டு எண்ணினாள். “ஆமாண்ணே, அமாவாசைக்கு மறுநாளு ஒரு மழ புடிச்சுச்சு. மூணாம் நாளு எங்க கம்மா நெறஞ்சிருச்சுன்னு ஊரே போயிப் பாத்துச்சு. நானும் போனேன். அன்னிக்கா?”

“அன்னிக்குத்தான்.”

அவள் மோரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, “இந்தக் காயிதத்த நான் வச்சுக்கிறட்டா? எனக்குப் படிக்கத் தெரியாது. அவரு நாளு இதுல இருக்குல்ல” என்றாள். மாமா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். ஒன்பது எட்டாகிவிட்ட துக்கத்தில் நான் சமையற்கட்டில் போய் அழுதேன்.

அவள் போனபின் மாமா கூப்பிட்டார். உதை விழும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் திட்டக்கூட இல்லை.

“பாப்பா, ஒன் நோட்ட எடு. ஐப்பசி, அமாவாசை கழிச்சு மூணாம் நாளுன்னு எழுதிக்க. இப்பவே எழுது. அந்தம்மா மறுபடி வந்து கேட்டா நான் மாத்திச் சொல்லிறக் கூடாது.”

குண்டு குண்டான எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன். தானே எழுதி வைத்து, சற்றுமுன் தானே படித்த நாளை மாமா எப்படி மாற்றிச் சொல்வார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முகாமில் சரியாகச் சாப்பிடாததில் ஞாபகசக்தி போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அன்று ராத்திரி என் பங்குக் கீரையை அவர் தட்டில் தள்ளிவிட்டேன்.