ஆறாம் நம்பர் வீட்டுச் சுவர்

காலை ஆறு பத்து. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது ஒரு காளை மாடு. மாட்டின் கீழே ஓர் அமைச்சரின் பெயரும் "மக்கள் சேவையில் என்றும் முன்னணியில்" என்ற வரியும் அச்சாகியிருந்தன. பத்திரிகையில் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து அனுப்பியவள் நான். மறுநாளே மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போட்டோம். திருத்தத்தைப் பெரியம்மா ஒட்டவில்லை. மாட்டை மட்டும், விருந்தாளி படுக்கும் இடத்தில் தலைக்கு நேரே ஒட்டியிருந்தார்.

டயகமப் பக்கம் தேயிலைத் தோட்ட லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குளிருக்குச் சுவரில் பத்திரிகை ஒட்டுவது வழக்கம். தீபாவளிக்குத் தீபாவளி கோதுமை மாப் பசை காய்ச்சிப் பழையதன் மேல் புதியதை ஒட்டுவார்கள். பெரியம்மா என்னைக் கொழும்பிலிருந்து வரவழைத்ததே இந்தச் சுவருக்காகத்தான்.

அவர் வீடு ஆறாம் நம்பர். லய வீட்டின் ஒற்றை அறையான காம்பராவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் தையல் மெசின் இருக்கிறது; நான் படுத்திருந்ததும் அங்கேதான். பெரியப்பா போன பிறகு சட்டை தைத்துத்தான் பெரியம்மா சாப்பிடுகிறார். அந்த அறை தங்களுடையது என்று பக்கத்து ஏழாம் நம்பர்க்காரர் வெகுநாளாகச் சொல்லிவருகிறார். இப்போது வீடுகளுக்கு எழுத்து, அதாவது உரிமைப் பத்திரம், கொடுக்கப் போகிறார்கள். அளப்பவர் மறுநாள் பத்து மணிக்கு வருகிறார். அறை போனால் மெசின் வைக்க இடமில்லை.

"நீ பேப்பர்காரி. அடியில இருக்க பேப்பர்ல தேதி பாரு. எங்க காலத்துக்கு முந்தியே இது எங்க அறைதான்னு எழுதிக் குடு," என்றார்.

வெந்நீரும் தோசைக் கரண்டியுமாக அந்த அறைச் சுவரை உரிக்க ஆரம்பித்தேன். சுரண்டும் சத்தம் கேட்டுப் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ஏழாம் நம்பர் பேசினார்.

"என்னக்கா, வீட்ட தின்றீங்களா?"

"பேசாம இரு புள்ள. பதில் சொன்னா நாள் பூரா பேசுவான்," என்று என்னிடம் சொன்ன பெரியம்மா உடனே சுவரைப் பார்த்து, "ஏன், ஒனக்கும் ஒரு துண்டு வேணுமா?" என்றார்.

மாட்டுக்குக் கீழே சினிமா அடுக்கு. ஒரே நடிகையின் முகம் ஏழு இடத்தில் இருந்தது. அதில் ஒன்றின் மேல் மட்டும் ஆணி அடித்த துளையும் கற்பூரப் புகையும். முருகன் கலண்டர் தொங்கிய இடம் அது. பெரியப்பா தினமும் வேலைக்குப் போகுமுன் அங்கே நின்று கும்பிடுவார். கலண்டரைச் சற்று விலக்கிவிட்டுக் கும்பிடுவார் என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

பெரியம்மா அந்தத் துளையை விரலால் தடவினார். "பக்தி ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார்.

"யாரு படம்கா?" என்றது சுவர்.

"ஒங்கப்பன் படம்!"

அடுத்த அடுக்கு ஆங்கிலப் பத்திரிகை. தோட்டம் நடத்திய தொரையின் பங்களாவில் வாசித்துப் போட்டது. ஒட்டியவர் பெரியம்மாவின் மாமனார். படம் உள்ள பக்கங்கள் எல்லாம் நேராக இருந்தன. படம் இல்லாதவற்றில் பாதிக்குப் பாதி தலைகீழ். தேதி வரும் மேல் ஓரத்தை எல்லாப் பக்கத்திலும் அழகாகக் கத்தரித்திருந்தார். எதற்கென்று தெரியவில்லை.

அதற்கும் கீழே பேப்பர் இல்லை. பச்சை வண்ணம் அடித்த மரம். இன்னும் உரித்ததில் நிலை வந்தது, தாழ்ப்பாள் வந்தது. லயத்தில் எல்லா வீட்டுக்கும் தோட்டம் போட்ட அதே பச்சைக் கதவு. நடுவில் வெள்ளையில் எண் எழுதியிருந்தது: ஏழு. திரும்பி, பெரியம்மா வீட்டிலிருந்து இந்த அறைக்கு வரும் வழியைப் பார்த்தேன். நிலை இல்லை. பிற்பாடு சுவரை வெட்டித் தேயிலைப் பெட்டிப் பலகை அடித்த வழி. அறை ஏழோடு சேர்த்துக் கட்டியது.

பெரியம்மாவுக்கு அந்த எண்ணை வாசிக்கத் தெரியும்.

"பசை காய்ச்சவா?" என்றார் மெல்ல.

நான் பதில் சொல்லுமுன் சுவர் பேசியது. "என்ன, சத்தத்தக் காணோம்? கதவு வந்துருச்சா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"எங்க அலுமாரிக்குப் பின்னாலதான இருக்கு. ஒங்க வீட்டுக்காரரு பொறக்கறப்ப, காம்பரால ஆள் ஜாஸ்தின்னு எங்க தாத்தா பிரசவத்துக்குக் குடுத்த அறைக்கா. முப்பது நாளைக்குன்னு. புள்ளத்தாச்சி இருக்கேன்னு ஒங்க மாமியாருதான் தாப்பாள போட்டாங்களாம்."

"அப்ப கதவக் காட்டி அறைய வாங்கியிருக்க வேண்டியதுதான?"

"வாங்கி? மெசின தூக்கிட்டு நீங்க எங்க போவீங்க? சண்டையும் முடிஞ்சிரும். எனக்குப் பொழுது போவணும்ல." குரல் சுவருக்குக் கிட்டே வந்தது. "ஆனா இத்தன வருசமா என்னயக் களவாணின்னு சொன்னீங்க. அதுக்கு ஒரு வார்த்த சொல்லணும்."

பெரியம்மா மெசின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளில் சொட்டுச் சொட்டாக விட்டார். அரைமணி நேரம் ஆட்டியபின் அது நகர்ந்தது. கதவு நான்கு அங்குலம் திறந்து அலுமாரியின் முதுகில் இடித்து நின்றது. அந்த இடைவெளியில் ஒரு கண் தெரிந்தது.

"மூஞ்சி கழுவலயா இன்னும்?" என்றார் பெரியம்மா. பிறகு ஒரு கோப்பைத் தேத்தண்ணியை உள்ளே நீட்டினார். கோப்பை இடைவெளியில் நுழைந்தது. சாசர் நுழையவில்லை.

மறுநாள் பத்து இருபதுக்கு அளப்பவர் வந்தார். சின்ன அறை யாருடையது என்று கேட்டார். ஏழாம் நம்பர்க்காரர் தன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஏழோடதுங்க. எங்களுக்கு இரவல்," என்றார் பெரியம்மா, சத்தமாகவே.

அளப்பவர் அப்படியே எழுதிக்கொண்டார். மெசின் அதே இடத்தில் இருக்கிறது. தாழ்ப்பாள் பெரியம்மா பக்கத்தில் இருக்கிறது.