மாரீஸ்வரியின் உணவுக்குழாய்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. முப்பத்துநாலு வயது மாரீஸ்வரி பயமில்லாமல் விழுங்கியது அன்று காலையோடு சரி.

காரைக்குடியில் கல்யாணத்துக்காகத் திறக்கிற பெரிய வீடுகளில் தரை கழுவுவது அவள் வேலை. ஆசிட்டைப் பழைய கலர் சோடா பாட்டிலில் ஊற்றிக் கூடையில் எடுத்துப்போவாள். அந்த வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான். அன்று புருஷன் வேல்பாண்டி வாசலில் மறித்தான்.

“எவன்டி அந்தச் சேவுகன்? விடியமுன்ன போன் அடிக்கிறான்?”

“இன்னைக்குக் கழுவப்போற வீட்டு வாட்ச்மேன். அறுபத்தெட்டு வயசு. வாயக் கழுவு மொதல்ல.”

“நீ கழுவுடி” என்று கூடையிலிருந்த பாட்டிலை உருவினான். முடியைப் பிடித்து மண்டையைச் சுவரில் மோதினான். கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயில் கவிழ்த்தான். இரண்டு மடக்கு உள்ளே இறங்கியது. அலறல் பாதியில் அறுந்து, நுரை வந்தது. அவன் ஓடிப்போனான்.

பக்கத்து வீட்டுக் காளியாயி ஓடி வந்தாள். “சோப்புத் தண்ணி கரைங்கப்பா, வாந்தி எடுக்கட்டும்!” பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு அந்தத் தெருவில் செய்கிற வைத்தியம் அது. நாலு பேர் கைகாலை அமுக்க, ஒரு சொம்பு உள்ளே போனது. ரத்தமும் சதைத்துணுக்குமாக வெளியே வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் தீபலட்சுமி கேட்டார்: “வாந்தி எடுக்க வச்சது யாரு?”

“நாந்தேன் தாயி.”

“உள்ள போறப்ப ஒரு தடவ வெந்துச்சு. நீங்க வெளிய எடுத்து ரெண்டாந்தடவ வேக வச்சிட்டீக. வாயக் கொப்பளிக்கவிட்டு நேரா தூக்கிட்டு வந்திருக்கணும்.”

காளியாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வழி அடைந்துவிடாமல் இருக்க மூக்கு வழியாக ஒரு குழாயை இறக்கினார்கள். புண் ஆற ஆற உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியது. ஆறாவது வாரத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருதரம், தடித்த குழாயைச் செலுத்தி அதை விரித்தார்கள். பிப்ரவரியில் நன்றாக விழுங்க முடிகிறதே என்று இரண்டு தவணை போகாமல் இருந்தாள். இரண்டாவதும் தவறிய பத்தே நாளில் தண்ணீர்கூட இறங்காமல் மூக்கில் ஏறியது. எச்சிலை டம்ளரில் துப்பிக்கொண்டு போய் நின்றாள்.

“நல்லா இருக்கும்போது வரணும்மா. அடைச்ச பிறகு விரிச்சா கிழிஞ்சிரும்” என்றார் டாக்டர்.

அதன்பிறகு ஒரு தவணையும் விடவில்லை.

பிடிபட்டு ஜெயிலில் இருந்த வேல்பாண்டி மார்ச்சில் ஜாமீனில் வந்தான். அடுத்த புதன்கிழமை காலை, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ் படிக்கட்டில் கால் வைத்தவளைப் பின்னலைப் பிடித்து இழுத்தான்.

“கேஸ வாபஸ் வாங்கு. அப்புறம் போ.”

குழாய் விடுவதற்காக முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. பஸ் கிளம்ப இரண்டு நிமிடம். மாரீஸ்வரி கையிலிருந்த எவர்சில்வர் பிளாஸ்கை வீசி அவன் மூக்கில் அடித்தாள். எலும்பு முறிந்தது. குனிந்தவனின் பிடரியில் இன்னொன்று. அவன் ரத்தம் அவள் சேலையில் தெறித்தது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, ஏறுறியா, இல்ல சண்ட பாக்கி இருக்கா?”

“ஏறுறேண்ணே.”

“போலீசுக்குப் போகலையா?”

“தொண்ட மூடிக்கிரும். திரும்பி வந்து போறேன்.”

பதினோரு மணிக்கு அவளுக்குக் குழாய் விட்டார்கள். அடுத்தது இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமை.