கம்பிவேலியில் தொங்கிய பூ

போன வாரம் திண்டுக்கல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஷிப்டு முடிந்து போகிறவள் போல, தலைமுடியெல்லாம் பஞ்சு. மில் பஞ்சுக்கு ஒரு வாசம் உண்டு, எண்ணெயும் சூடும் கலந்தது.

என் அக்காவும் இப்படித்தான் வருவாள். எங்கள் தெருவில் மில் வேனில் ஏறிய முதல் பெண் அவள். "கெழவி வந்துட்டா" என்பேன். "ஏலே, இந்தா ஒனக்கும் நரைக்கட்டும்" என்று தலையை என்மேல் உதறுவாள். வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் மட்டும்தான். அதனால் மில்லுக்குள் என்ன நடக்கும் என்று அம்மா என்னைத்தான் கேட்பாள். நானும் நேரில் பார்த்தவன் மாதிரி அளப்பேன்.

பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்று சட்டம். பூ விளைகிற ஊர்ப் பெண்கள் விடுவார்களா? கேட் வரைக்கும் வைத்துக்கொண்டு போய், அங்கே கம்பிவேலியில் தொங்கவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள். அவரவர் சரம் அவரவருக்குத் தெரியும். அக்காவுக்கு அம்மா கட்டிய கனகாம்பரம், நடுநடுவே மரிக்கொழுந்து.

ஒரு மத்தியானம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சைக்கிளிலிருந்து இறங்காமலே கத்தினார்: "மில்லுல ஒரு புள்ளைக்கு மெசின்ல முடி சிக்கிருச்சாம்!" யார் என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மாவும் நானும் ஓடினோம்.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டாக. பேரு எனக்குத் தெரியாதும்மா. செத்த நேரம் நில்லுங்க, ஷிப்டு விட்டுரும்."

வேலி நிறையப் பூ. அம்மா கனகாம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், தொடவில்லை. சங்கு ஊதியது. பெண்கள் வந்து, தத்தம் சரத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பாராமல் போனார்கள். கடைசியில் வேலியில் இரண்டே சரம், அதில் ஒன்று அக்காவுடையது.

"எம் புள்ள எங்கடா? படிச்சவன்தான நீ, சொல்லுடா!"

நான் கேட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்புறம்தான் அக்கா வந்தாள். மேல்சட்டையில் ரத்தம். "எனக்கில்லம்மா. பக்கத்து மெசின் புள்ளைக்கு. நாந்தான் அவ தலையத் தாங்கிப் புடிச்சிருந்தேன். ஆபீசுல வச்சு விசாரிச்சாக."

"நாளைக்குப் போவாத தாயி."

"போவேன். நம்ம தோட்டத்துல இம்புட்டு வருசம் பூப்பறிச்சேனே, எங் கையில ஒத்த ரூவா வந்துச்சா?"

தன் சரத்தை எடுத்தாள், தலையில் வைக்கவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், வேலைக்குத்தான் திரும்பவில்லை. அக்கா மறுநாளும் வேன் ஏறினாள்.

இப்போது எங்கள் தெருவில் வேலைக்குப் போகாத பெண்ணைத் தேடத்தான் வேண்டும். என் மனைவியும் அதே மில்லுக்குப் போகிறாள். தொப்பி கட்டாயம், பூ வைத்துக்கொண்டு யாரும் வருவதில்லை. கம்பிவேலி இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பிவிட்டார்கள். ஷிப்டு விடும் நேரத்தில் வெளியே நிற்கிறேன். இன்னும் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்ல அங்கே எதுவும் தொங்குவதில்லை.