பன்றி முட்டை சமைந்த கதை

போன மாசியில் ராஜபாளையத்துக்குக் கிளம்பியபோது, மலையடிவாரத்தில் சும்மா இரண்டு நாள் சுற்றுவதுதான் திட்டம். மதுரையிலிருந்து காலை ஐந்தரைப் பேருந்தைப் பிடித்தால் எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடலாம். ஆனால் முந்தின நாளே என் கல்லூரித் தோழி ஜெபா போன் செய்துவிட்டாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பன்றியின் கருமுட்டையை ஆராய்கிறவள். "ராஜபாளையத்துல இறங்குனதும் பன்னியோட சினைப்பை எடுத்துட்டு என் லேபுக்கு வாடி" என்றாள், கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வதுபோல.

விஷயம் விளையாட்டில்லை. ஏற்கெனவே மூன்று முறை முட்டைகள் கெட்டுப்போயிருந்தன. அவற்றை ஊறவைக்கும் திரவமும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம். இதுவும் போனால் வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். முட்டைகள் இருக்கும் சினைப்பை பன்றியின் உடம்புச் சூட்டிலேயே வந்து சேர வேண்டும். ஆறினாலும் கெடும், கொதித்தாலும் கெடும்.

பன்றிக்கறிக் கடை ராஜபாளையத்துக்கு வெளியே, சோழபுரம் போகிற சாலையில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். ஜெபா முன்கூட்டியே கடையில் கொடுத்து வைத்திருந்த பிளாஸ்கில் வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றி, சினைப்பைகளைப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். அவளுடைய கட்டளைப்படி மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்கைத் துண்டு சுற்றிய வாளிக்குள் நிறுத்தினேன்.

அங்கிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு ஆட்டோ ஓட்டி வந்தவர் குருசாமி அண்ணன். "என்னக்கா, பன்னி முட்டையா? பன்னி எங்குட்டு முட்டை போடும்?" என்று சிரித்தார். எனக்குத் தெரிந்த அறிவியலை எடுத்துவிட்டேன். "வயித்துக்குள்ள இருக்கிற முட்டைண்ணே. இது இனிமேத்தான் சமையணும். அதுவரைக்கும் சூடு ஆறவே கூடாது." அவர் மிகுந்த பொறுப்போடு தலையாட்டினார்.

இடது கைப்பக்கம் மலை கூடவே வந்தது. அந்தச் சாலையில் காலை வெயிலில் போவதற்காகவே இன்னொரு முறை போகலாம். பதினோரு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைப் பார்த்த பிறகு பால்கோவா வாங்காமல் போக மனசு வரவில்லை. வாளியை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினேன். திரும்பி வந்தால் வாளியிலிருந்து ஆவி பறக்கிறது.

"ஆறிரக் கூடாதுன்னீயல்லாக்கா, அதான் டீக்கடைல வெந்நி வாங்கி ஊத்திட்டேன்."

வாளிக்குள் குனிந்து பார்த்தேன். "எதுலண்ணே ஊத்துனீங்க?"

"பிளாஸ்குக்குள்ளயே ஊத்தலாம்னுதான் பாத்தேன். டேப்பு வரமாட்டேன்னுட்டு. பொறவு வாளியில ஊத்திட்டேன். வெந்நி இல்லாம எப்படிக்கா சமையும்?"

டேப் ஒட்டிய என் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. வெந்நீரைக் கொட்டிவிட்டு, மிச்சம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பால்கோவா பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

ஜெபா மூடியைத் திறந்து வெப்பமானியை விட்டாள். முப்பத்தெட்டு. பன்றியின் உடம்புச் சூட்டுக்கு ஒரு டிகிரி கீழே. நடந்ததைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலுக்கே போய் விளக்கினாள்: "அந்தச் சமையல் இல்லண்ணே. பொம்பளப் பிள்ளை சமைஞ்சிட்டான்னு சொல்லுவோம்ல, அது." குருசாமி அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் அவர் சொன்ன சமையலும் முழுத் தப்பில்லை என்று பிறகுதான் புரிந்தது. வளர்கிற காலத்தில் முட்டை தன் மரபணுக்களிலிருந்து செய்திகளைப் படியெடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறதாம். முதிரத் தொடங்கியதும் படியெடுப்பது அநேகமாக நின்றுவிடும். கடை அடைத்தாயிற்று, வீட்டில் இருக்கிற சாமானை வைத்துத்தான் இனிச் சமையல். எந்தச் சாமான் எப்போது தீர்கிறது என்பதுதான் ஜெபாவின் ஆராய்ச்சி. அதற்காகச் சினைப்பைகளிலிருந்து எடுத்த முட்டைகளில் பாதியை அன்றைக்கே உறையவைத்தாள். மீதி சூட்டுப்பெட்டிக்குள் போயின. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு புள்ளிக்குள் இவ்வளவு முன்யோசனையா என்று எனக்கு மலைப்பாகவே இருந்தது. மாதக் கடைசியில் என் அடுக்களைக்கு அது கிடையாது.

முதிர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கினேன். நீங்கள் போவதானால் மாசிக்குள் போய்விடுங்கள், பங்குனி வெயில் தாங்காது. கோவிலுக்குக் காலையில் போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பால்கோவாவைக் கடைசியாக வாங்குங்கள். ஏன் என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தேன். முட்டையைச் சுற்றி இறுகிக் கிடந்த செல்கள் ஊறிய ஜவ்வரிசிபோல உப்பி விரிந்திருந்தன. அவற்றை விலக்கியதும் முட்டையின் ஓரத்தில் ஒரு குட்டி உருண்டை தெரிந்தது. முட்டை முதிர்ந்ததற்கு அதுதான் அடையாளமாம். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. ஜெபா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. "அக்கா, குருசாமி பேசுதேன். பிள்ளை சமைஞ்சிட்டாளா?"

ஜெபா போனைப் பிடுங்கினாள். "சமைஞ்சிட்டாண்ணே! அம்புட்டுப் பேரும்!"

"அப்போ சடங்கு என்னைக்கின்னு சொல்லுங்க, சீர் கொண்டு வாரேன். மொதத் தண்ணி ஊத்துன மாமன் நான்லா!"