அளவு வளையல் ஏறவில்லை

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணிப் பௌர்ணமி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை பக்கம் நானும் என் மனைவியும் வளையல் கடை போட்டிருந்தோம். பேசி விற்பது அவள். எடுத்துக் கொடுப்பது நான். புது ஆளைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

மதியம் ஒரு பையன் பழைய கண்ணாடி வளையல் ஒன்றை அளவுக்குக் கொண்டுவந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, அவன் மனைவிக்குப் பதினெட்டு. வீட்டை விட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவளுக்கு ஏழாவது மாதம்.

“வளைகாப்புப் போட எங்களுக்கு யாரும் இல்லக்கா. நீங்க போட்டு விடுறீங்களா?”

“கூட்டியாடா, போட்டு விடுறேன்” என்றாள் என் மனைவி. நான் அளவு பார்த்து எடுத்து வைத்தேன்.

சாயங்காலம், கூட்டம் நெருக்கத் தொடங்கிய நேரத்தில் அந்தப் பெண்ணோடு வந்தான். வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்பு நுரை தடவியும் ஏறவில்லை.

“இன்னாடா, எவ வளையலக் கொண்டாந்த?” என்று சிரித்தாள் என் மனைவி.

“அவளோடதுதாங்கா. போன மாசம்கூடப் போட்டிருந்தா.”

அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்தபடியே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு நாளா தலைவலி ஜாஸ்திக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது.”

அவள் முகமும் வீங்கியிருந்தது. என் மனைவியின் சிரிப்பு நின்றது. அவள் அக்கா இப்படிக் கையும் முகமும் வீங்கி, வலிப்பு வந்துதான் பிரசவத்தில் போனாள்.

“எந்த ஆஸ்பத்திரில காட்டுறீங்க?”

பையன் தலையைக் குனிந்தான். “எங்கயும் காட்டலக்கா. எனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆவல. வயசு கேட்டா போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுவாங்க. பிரசவம் எப்டிப் பாக்கணும்னு போன்ல பாத்து வெச்சிருக்கேன். வெந்நீர் வைக்க அண்டாகூட வாங்கிட்டேன்.”

“உன் அண்டாவத் தூக்கி அடுப்புல போடு! போலீஸ் வந்தா நான் பேசிக்கிறேன். மொதல்ல பொண்ணு பொழைக்கட்டும்” என்று 108-க்குப் போன் போட்டாள்.

ஊருக்குள் இருந்து வண்டி கடைக்குப் பின்பக்கம் வந்துவிட்டது. ஆனால் எங்களை ஏற்றிக்கொண்டு பாதையில் ஏறியதும் நின்றது. கால் வைக்க இடமில்லாத கூட்டம். சைரன் சத்தம் யாருக்கும் உறைக்கவில்லை.

“யாராச்சும் முன்னாடி நடந்து வழி கேளுங்க” என்றார் டிரைவர். என் மனைவி உள்ளே பெண்ணைத் தாங்கியிருந்தாள். பையனின் கையை அந்தப் பெண் விடவில்லை. மிச்சம் நான்தான்.

முன்னால் போய் நின்றேன். தொண்டையில் காற்றுதான் வந்தது. பின்னால் வண்டிக்குள் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

“புள்ளத்தாச்சிங்க, வழி விடுங்க!”

பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும். ஆனால் முன்னால் போன ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, அதையே தனக்கு முன்னால் இருந்தவர்களிடம் கத்தினார். அவர்கள் அடுத்தவர்களிடம். சாமி பேர் சொல்லிக்கொண்டு போனவர்கள் அதை விட்டுவிட்டு “புள்ளத்தாச்சி, புள்ளத்தாச்சி” என்றார்கள். நான் ஓடுவதற்கு முன்னே என் வார்த்தை ஓடியது. அடுத்த வளைவில் திரும்பியபோது, நான் ஒன்றும் சொல்லாமலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்த வகையைக் கேட்டார்கள். பையனுக்கு அதுவும் தெரியவில்லை. பிறகு அவன் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். போலீஸ் யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. சில வாரம் அங்கேயே வைத்துப் பார்த்து, ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள்.

வீக்கம் வடிந்த பிறகு என் மனைவி அதே வளையல்களைப் போட்டுவிட்டாள். சோப்பு இல்லாமலே வழுக்கி ஏறின. அந்த அண்டாவில் இப்போது குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் காய்கிறது.

என் குரல் இன்றும் பத்துப் பேரைத் தாண்டாது. ஆனால் அதை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுக்க மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்று கண்டதால்தான், இதை எழுதவே எனக்குத் துணிச்சல் வந்தது.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள் எழுதியது.